"தேவைப்பட்டால்" ஆடப்படும் ஏழாவது ஆட்டமும் என் முப்பது டொலரும்

2025 மே 20ஆம் திகதி வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கைபேசியில் ஒரு விளையாட்டு ஒளிபரப்புச் சேவைக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன். முப்பது டொலர், வரி தனி. வட அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.யில் மேற்குப் பிரிவின் இறுதித் தொடர் அன்றுதான் தொடங்கியது. ஒரு மாதம் என்றால் ஜூன் 20 வரை. கோப்பைக்கான தொடரும் அதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முடியவில்லை. ஜூன் 19ஆம் திகதி ஆறாவது ஆட்டம், 22ஆம் திகதி ஏழாவது. நடுவில் என் சந்தா செத்துப்போனது. ஒரேயொரு ஆட்டத்துக்காக இன்னொரு முப்பது டொலர் கட்டியவன் எழுதுகிற விமர்சனம் இது. சேவையின் மீது கோபம் உண்டு. தொடரின் மீது துளியும் இல்லை.

அட்டவணையை வடிவாக வாசிக்காதது என் பிழைதான். என்.பி.ஏ. இறுதி என்பது ஒரு ஆட்டம் அல்ல. கிழக்குப் பிரிவில் வென்ற அணியும் மேற்குப் பிரிவில் வென்ற அணியும் திரும்பத் திரும்ப மோதும். யார் முதலில் நாலு ஆட்டம் வெல்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. நாலிலேயே முடியலாம், ஏழு வரைக்கும் இழுபடலாம். அதனால் முதல் நாலு ஆட்டங்களுக்குத்தான் திகதி உறுதி. ஐந்து, ஆறு, ஏழுக்குப் பக்கத்தில் "தேவைப்பட்டால்" என்று சின்ன எழுத்தில் ஒரு சொல் இருக்கும். ஒரு சாக்கு அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்த பிறகுதான் உள்ளே நாலு கிலோவா ஏழு கிலோவா என்று தெரியும் என்றால் எந்தக் கடைக்காரன் தப்புவான்? இங்கே சரக்கின் ருசியே அதுதான்.

நான் 1994இல் கனடாவுக்கு வந்தவன். ஊரில் நாங்கள் ஆடியது கரப்பந்து. கூடைப்பந்து என்றால் பள்ளிக்கூட முற்றத்தில் துருப்பிடித்து நின்ற வலையில்லாத வளையம், அவ்வளவுதான். நான் வந்து அடுத்த வருடம் ரொறன்ரோ ராப்டர்ஸ் ஆடத் தொடங்கியது. நெடுநாள் அந்த அணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலைத்தளத்தில் மற்றவர்கள் திங்கட்கிழமை காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள் என்பது மட்டும். மகள் பள்ளிக்கூட அணியில் ஆடத் தொடங்கிய பிறகுதான் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பழகினேன். பழகியது நல்ல வருடத்தில்: 2019.

என்.பி.ஏ.யில் முப்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் 82 ஆட்டம், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு இடம் நேரே கோப்பைக்கான சுற்றுகளுக்குள் போகும். ஏழிலிருந்து பத்தாம் இடம் வரை நிற்பவர்கள் ஒரு சின்னத் தகுதிச் சுற்று ஆடி மிச்சம் இரண்டு இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு நாலு சுற்று. எல்லாமே ஏழு ஆட்டத் தொடர்கள். ஆகக் கோப்பையைத் தூக்கப் பதினாறு வெற்றி வேண்டும். அந்த 82 ஆட்டத்தில் பெரும்பகுதியை நான் பார்ப்பதில்லை. காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வெளிக்கிட வேண்டியவன் ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் ஒன்றுக்காக நித்திரையைக் கெடுக்க மாட்டான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு பெறுமதி உண்டு.

2019இல் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளில் ராப்டர்ஸ் 58 வெற்றி, அப்போது ஓக்லண்டில் இருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 57. ஒரேயொரு வெற்றி வித்தியாசம். வாரியர்ஸ் மேற்கில் முதலிடம், ராப்டர்ஸ் கிழக்கில் இரண்டாம் இடம். ஆனால் இறுதித் தொடரில் பிரிவுக்குள் எத்தனையாம் இடம் என்று பார்ப்பதில்லை, மொத்த வெற்றி எத்தனை என்றுதான் பார்ப்பார்கள். அந்த ஒரு வெற்றிக்காக முதல் இரண்டு ஆட்டமும் ரொறன்ரோவில். பிறகு இரண்டு எதிரணி ஊரில். அதன்பின் தேவைப்பட்டால் ஐந்தாவது இங்கே, ஆறாவது அங்கே, ஏழாவது மறுபடி இங்கே. நடுவில் கொஞ்சக் காலம் இப்படி இருக்கவில்லை. 1985 முதல் 2013 வரை இரண்டு இங்கே, மூன்று அங்கே, இரண்டு இங்கே என்று ஆடினார்கள், விமானப் பயணத்தைக் குறைக்க. நடு மூன்று ஆட்டத்தையும் எதிரணி தன் வீட்டிலேயே ஆடிவிடும். கஷ்டப்பட்டு 82 ஆட்டம் ஆடிச் சேர்த்த சலுகை ஐந்தாவது ஆட்டத்தில் காணாமல் போய்விடும். 2014இல் பழைய ஒழுங்குக்குத் திரும்பியது சரியான முடிவு என்பேன்.

இதையெல்லாம் மகள் எனக்குக் காகிதத்தில் கீறி விளங்கப்படுத்தினாள். நானும் பெரிய நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். கடைசியில் 2019 தொடரின் ஆறு ஆட்டத்தில் தன் ஊரில் ஆடிய அணி வென்றது ஒரேயொரு ஆட்டம், முதலாவது. மற்ற ஐந்திலும் வந்த விருந்தாளிதான் வென்றார். ராப்டர்ஸ் ஓக்லண்டில் மூன்று ஆட்டம் வென்று, ஜூன் 13ஆம் திகதி 114-110 என்று அங்கேயே கோப்பையைத் தூக்கினார்கள். அமெரிக்காவுக்கு வெளியே போன முதல் கோப்பை. அன்றிரவு மார்க்கம் வீதியில் கார்க் கோர்ன் சத்தம் ஓயவில்லை. "அப்ப நீ கீறின காகிதம்?" என்று கேட்டேன். "அது கணக்கு அப்பா. இது விளையாட்டு" என்றாள்.

சரி, முப்பது டொலருக்கு வருவோம்.

இந்தத் தடவை மோதியது ஒக்லஹோமா சிட்டி தண்டரும் இந்தியானா பேசர்ஸும். தண்டருக்கு 68 வெற்றி, 14 தோல்வி. பேசர்ஸுக்கு 50 வெற்றி, கிழக்கில் நாலாம் இடம். என்னைச் சுற்றி இருந்த எல்லாரும் ஐந்து ஆட்டத்தில் முடிந்துவிடும் என்றார்கள். கனடாக்காரருக்கு வேறொரு கவர்ச்சியும் இருந்தது. தண்டரில் ஹாமில்டனில் வளர்ந்த ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், மொன்றியல் லூ டோர்ட். பேசர்ஸில் ஒரோராவின் ஆண்ட்ரூ நெம்பார்ட், மொன்றியல் பெனடிக்ட் மாத்துரின். எந்தப் பக்கம் வென்றாலும் நம் பிள்ளை ஒன்று கோப்பையோடு வீட்டுக்கு வரும்.

முதல் ஆட்டம் ஜூன் 5. இரவு எட்டரைக்குத் தொடக்கம். தண்டர் நாலாம் கால்பகுதியில் 15 புள்ளி வரை முன்னால் இருந்தார்கள். நான் பல் விளக்க எழும்பிவிட்டேன். திரும்பி வந்தால் இடைவெளி உருகிக்கொண்டிருக்கிறது. கடைசி விநாடிகள். பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் பந்தைக் கொண்டுவருகிறார். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் பெடியன் "ஐயோ கடவுளே!" என்று கத்தினான். அவனிடம் பழைய கேபிள் இணைப்பு. என்னுடையது இணைய வழி. அவன் கத்தி முடித்து, ஓடி, கதவைச் சாத்தி, யாரையோ தொலைபேசியில் கூப்பிட்ட பிறகுதான் என் திரையில் ஹாலிபர்ட்டன் பந்தை எறிந்தார். பந்து உள்ளே போகும்போது கடிகாரத்தில் மிச்சம் 0.3 விநாடி. 111-110. முழு ஆட்டத்திலும் பேசர்ஸ் முன்னால் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும். அந்த 0.3 விநாடியை எனக்கு முன்கூட்டியே கீழ்வீட்டுக்காரன் சொல்லிவிட்டான்.

இதுதான் சேவை மீதான என் முதல் முறைப்பாடு. தாமதத்தை எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய நாற்பது விநாடி. ஒரு நாடகம் பார்ப்பதற்கு நாற்பது விநாடி ஒன்றுமில்லை. பந்தைப் பிடித்தால் 24 விநாடிக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்ற விதியுள்ள விளையாட்டில் அது ஒன்றரை முறை பந்து கைமாறுகிற நேரம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். இணைய வேகத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். சோதித்தேன். வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. பதிலுக்கு நன்றி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு சரி.

இரண்டாவது முறைப்பாடு, கடைசி இரண்டு நிமிடம். இதில் சேவைக்குப் பாதிப் பங்கு, விளையாட்டுக்குப் பாதி. தலா 12 நிமிடமாக நாலு பகுதி, மொத்தம் 48 நிமிட ஆட்டம். நித்திரைக்குப் போக இரவு பதினொன்று தாண்டிவிடும். ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு அணிக்கு ஏழு டைம் அவுட். பின்னால் நிற்கும் அணி வேண்டுமென்றே எதிராளியைப் பிடித்துத் தவறு செய்யும், கடிகாரத்தை நிறுத்துவதற்காக. அவர் போய் இரண்டு தனி எறிதல் எறிவார். பிறகு நியூ ஜெர்சியில் இருக்கும் மறுபார்வை மையத்தோடு நடுவர்கள் காதில் கருவி மாட்டிக்கொண்டு கதைப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் விளம்பரம். அதே லாரி விளம்பரத்தை ஒரே இரவில் பதினொரு முறை பார்த்தேன், எண்ணினேன். மனிசி சமையலறையிலிருந்து "இன்னும் ரெண்டு நிமிசம் எண்டு அரைமணித்தியாலமா சொல்லுறியள்" என்றாள். மறுக்க முடியவில்லை.

இனி நல்லது. இந்தச் சேவையில் ஆட்டம் முடிந்த சில நிமிடத்திலேயே முழு ஆட்டமும் மறுபடி பார்க்கக் கிடைக்கிறது. புள்ளிகளை மறைத்து வைக்கிற வசதியும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஏனென்றால் ஏழு ஆட்டத் தொடரின் உண்மையான சுவை ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இருக்கிற நாட்களில் இருக்கிறது. ஜூன் 5, 8, 11, 13, 16, 19, 22. அந்த இடைவெளிகளில் இரண்டு பயிற்சியாளர்களும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் முந்திய ஆட்டத்தை ஒருக்கால் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். தண்டரின் பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட், முதல் ஆட்டத்துக்கு முன்பே, 68 வெற்றி தந்த வழக்கத்தை மாற்றினார். உயரமான ஐசாயா ஹார்டென்ஸ்டைனை ஆரம்ப ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, சின்ன உருவமுள்ள கேசன் வாலஸைப் போட்டார். பேசர்ஸ் ஓடி ஓடி ஆடுகிற அணி, அவர்களைத் துரத்தக் கால் வேகம் வேண்டும் என்பது எண்ணம். மூன்று ஆட்டம் போனது. பேசர்ஸ் 2-1 என்று முன்னால். மூன்றாவதில் மாத்துரின் மாற்று வீரராக இறங்கி 27 புள்ளி எடுத்திருந்தார். நாலாவது ஆட்டத்துக்கு டெய்க்னால்ட் ஹார்டென்ஸ்டைனை மறுபடி ஆரம்பத்திலேயே இறக்கினார். அன்றும் தண்டர் பின்னால்தான் நின்றார்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 15 புள்ளி எடுத்து 111-104 என்று திருப்பினார். தொடர் 2-2. இறுதி ஒரேயொரு ஆட்டமாக இருந்திருந்தால் 0.3 விநாடியில் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்தோடு எல்லாம் முடிந்திருக்கும். பிழையை ஒத்துக்கொண்டு திருத்துகிற நேரம் யாருக்கும் கிடைத்திராது.

2019இலும் இப்படி ஒன்று. இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ராப்டர்ஸ் பயிற்சியாளர் நிக் நர்ஸ் நாலு பேரைப் பெட்டி போல நிறுத்தி, ஐந்தாவது ஆளை வாரியர்ஸ் நட்சத்திரம் ஸ்டெஃப் கரியின் நிழலாக ஓட விட்டார். "இது எங்கட பள்ளிக்கூடத்தில செய்யிறது!" என்று மகள் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். அந்த ஆட்டம் தோல்விதான், 109-104. ஆனால் அதற்குப் பிறகு கரி பந்தைத் தொடும்போதெல்லாம் இவர்கள் என்ன கொண்டுவருவார்களோ என்று வாரியர்ஸ் யோசித்திருப்பார்கள் என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

தொடரில் எதுவும் மறக்கப்படுவதுமில்லை. மோசமான தவறுகளுக்குத் தனியாக ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. அது ஆட்டத்தோடு அழிவதில்லை, சுற்றுச் சுற்றாகக் கூடவே வரும். 2016 இறுதியில் கிளீவ்லண்டுக்கு எதிராக வாரியர்ஸ் 3-1 என்று முன்னால் நின்றபோது அவர்களுடைய டிரேமண்ட் கிரீனுக்கு அந்தக் கணக்கு எல்லை தாண்டியது, ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இல்லை. கிளீவ்லண்ட் அதை வென்றது, ஆறாவதையும் வென்றது, ஏழாவதை 93-89 என்று ஓக்லண்டிலேயே வென்றது. இறுதித் தொடரில் 3-1 என்ற பள்ளத்திலிருந்து ஏறி வந்த அணி இன்றுவரை அது ஒன்றுதான். 3-0இலிருந்து என்.பி.ஏ.யின் எந்தச் சுற்றிலும் யாருமே ஏறியதில்லை. ஆகவே ஒரு அணி 3-0 என்று போய்விட்டால் நாலாவது ஆட்டத்தைத் துணி மடித்துக்கொண்டே பார்க்கலாம். அந்த மாதிரி வருடங்களில் இந்தச் சந்தா நட்டம்தான்.

இந்த வருடம் நட்டமில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் தண்டரின் ஜேலன் வில்லியம்ஸ் 40 புள்ளி எடுத்தார். ஹாலிபர்ட்டனுக்குக் கெண்டைக்காலில் பிரச்சினை, களத்தில் ஒரு எறிதல்கூட உள்ளே போகவில்லை. தண்டர் 3-2. ஆறாவது ஆட்டம் இந்தியானாவில். இதோடு முடியும், என் சந்தாவும் சரியாக மறுநாள் முடியும் என்று வடிவாகப் பொருந்தி வந்தது. பேசர்ஸ் 108-91 என்று அடித்து நொறுக்கிவிட்டார்கள். 2016க்குப் பிறகு முதல் தடவையாக இறுதியில் ஏழாவது ஆட்டம். இருபதாம் திகதி செயலியைத் திறந்தால் பூட்டு. மூன்று நாளுக்கு, ஒரு ஆட்டத்துக்கு என்று எந்தத் திட்டமும் இல்லை. முழு மாதம்தான். கீழ்வீட்டுப் பெடியன் "அண்ணை, இங்க வந்து பாருங்கோ" என்றான். போயிருக்கலாம். தன்மானம் விடவில்லை. கட்டினேன்.

நீங்கள் என்னைப் போல் அவசரப்பட வேண்டாம். முந்திய சுற்றுகள் தேவையில்லை என்றால் முதலாவது இறுதி ஆட்டத்தின் அன்று மாலையே சந்தாவைத் தொடங்குங்கள். தொடர் ஏழு வரை இழுத்தாலும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். சேவைக்கு ஐந்தில் இரண்டரை. தொடருக்கு நாலரை, அரையைக் குறைத்தது லாரி விளம்பரத்துக்காகவும், கோப்பையை முதலில் அணியின் முதலாளி கையில் கொடுக்கிற வழக்கத்துக்காகவும். வியர்த்துக் களைத்து நிற்கிற பிள்ளைகள் பக்கத்தில் காத்திருக்க, கோட் போட்ட ஒருவர் அதை வாங்குவதை எத்தனை தரம் பார்த்தும் எனக்குப் பழகவில்லை.

ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டன் முதல் ஏழு நிமிடத்திலேயே மூன்று முறை தூரத்திலிருந்து பந்தை உள்ளே போட்டார். பிறகு பந்தோடு அடியெடுத்து வைக்கும்போது விழுந்தார். விழுந்தவர் தரையைக் கையால் அடித்தார். கெண்டைக்கால் காயத்தோடு ஆடியவருக்குக் குதிகாலுக்கு மேலேயுள்ள தசைநார் அறுந்துவிட்டது. 2019 ஐந்தாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் கெவின் டுராண்டுக்கும் இதேதான் நடந்தது. அவரும் கெண்டைக்கால் காயத்தோடு ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டு, ரொறன்ரோ மண்ணில் இறங்கி, பன்னிரண்டு நிமிடத்தில் விழுந்தவர். அன்று அரங்கத்தில் சிலர் கைதட்டினார்கள். ராப்டர்ஸ் வீரர்களே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் வீட்டு வரவேற்பறையிலும் ஒரு கை தட்டியது. அது என்னுடையது. மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இந்த முறை அவள் பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிட்டாள், ஆட்டம் நடக்கும்போதே. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் கதைக்கவில்லை. ஹாலிபர்ட்டன் இல்லாமலும் பேசர்ஸ் இடைவேளைக்கு 48-47 என்று முன்னால் போனார்கள். மூன்றாவது பகுதியில் தண்டர் பிடுங்கிக்கொண்டார்கள். 103-91. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 29 புள்ளி, கூட்டாளிகள் புள்ளி எடுக்கப் பந்து கொடுத்தது 12 தரம், தொடரின் சிறந்த வீரர் விருது.

மறுநாள் மாலை செயலிக்குள் போய்ச் சந்தாவை நிறுத்தினேன். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது: விலை கூட, தொழில்நுட்பக் கோளாறு, பார்க்க நேரமில்லை, வேறு. "வேறு" என்பதைத் தொட்டேன். காரணத்தை எழுதுங்கள் என்று ஒரு பெட்டி திறந்தது. "விளையாட்டு முடிந்துவிட்டது" என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன்.